பழைய டோசர் ஒரு பக்கம் திரும்பலையா? வெளிய டைட் பண்றதா, கழுவி விடறதா, கிளட்ச்ச இறக்கிடறதா

"ணா, லெஃப்ட் லிவர முழுசா இழுத்துட்டேன், வண்டி பாட்டுக்கு நேரா போய்னே கீது, கிளட்ச்ச கழட்டி இறக்கணுமா இல்ல வெளிலயே டைட் பண்ணா போதுமா?" இந்த கேள்வி தான் எனக்கு அதிகமா வரும். மணலி புதுநகர், விச்சூர், மீஞ்சூர் ரோடு பக்கம் யார்டுங்கள்ல இன்னும் பழைய டோசருங்க நிறைய ஓடுது, மண் தள்ள, சாம்பல் தள்ள, குப்பை தள்ளன்னு. புதுசு வாங்க முடியாதவங்க அத வெச்சு தான் குடும்பம் நடத்துறாங்க. அவங்க தப்பான இடத்துல காச கொட்டக்கூடாதுன்னு தான் நான் பாத்ததையெல்லாம் எழுதறேன்.

மொதல்ல வண்டி எப்படி திரும்புதுன்னு ஒரு தடவ மனசுல ஓட்டி பாத்துக்கங்க. கார் மாதிரி ஸ்டீயரிங் ராடெல்லாம் இதுல கிடையாது. இன்ஜின் பவர் கியர்பாக்ஸ் தாண்டி பவர ரெண்டு பக்கமும் திருப்பி விடற பெவல் கியருக்கு வந்து, அங்கருந்து லெஃப்ட்டுக்கு ஒண்ணு ரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டீயரிங் கிளட்ச் வழியா ஃபைனல் டிரைவுக்கு, அதாவது செயின சுத்தற கடைசி கியர் செட்டுக்கு போவுது. ஸ்பிரிங் அழுத்திக்கினு இருக்கறதால கிளட்ச் எப்பவும் புடிச்சே தான் இருக்கும், லிவர இழுத்தா தான் விடும். விட்டதும் அந்த பக்கம் செயினுக்கு (டயருக்கு பதிலா ஓடற இரும்பு பட்டை) பவர் கட், அப்பால பிரேக் பேண்ட்ன்ற பட்டை கிளட்ச்சோட வெளி டிரம்ம இறுக்கினா அந்த செயின் நிக்கும், எதிர் பக்கம் செயின் ஓடறதால வண்டி சுத்தும்.

அப்ப லெஃப்ட்ல திரும்பலன்னா இன்னா அர்த்தம்? லெஃப்ட் கிளட்ச் விடல, இல்ல விட்டும் லெஃப்ட் பிரேக் புடிக்கல, இல்ல ரைட் கிளட்ச் ஸ்லிப் ஆவுது. இந்த மூணாவது தான் நிறைய பேருக்கு தோணவே தோணாது. லெஃப்ட்ல சுத்தணும்னா மொத்த வண்டியையும் தள்ளிக்கினு சுத்த வேண்டியது ரைட் செயின் தான, அந்த பக்கம் கிளட்ச் பிளேட்டு வழுக்குனா லெஃப்ட் எவ்ளோ நல்லா இருந்தாலும் வண்டி அசையாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணில மூணு நாள் நின்ன வண்டி ஒண்ணுக்கு இதே தான் ஆச்சு. லெஃப்ட் திரும்பலன்னு சொன்னதும் நானும் சேந்து தான் லெஃப்ட் கிளட்ச்ச இறக்கினோம், சீட்டு, டீசல் டேங்க்கு, ஃப்ளோர் பிளேட்டு எல்லாம் கழட்டி, ஹைட்ரா கிரேன் வெச்சு தூக்கி, ரெண்டு நாள் வேலை. வெளிய எடுத்து பாத்தா பிளேட்டுல லேசா துரு, மத்தபடி ஒண்ணுமில்ல. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போய் சாப்பாடே எறங்கல எனக்கு. மறுநாள் காலைல ரைட் பக்கம் கிளட்ச் ரூமோட அடி பிளக்க கழட்டினேன், அரை லோட்டா அளவுக்கு கருப்பா ஆயில் வந்துச்சு. டிரை கிளட்ச் வண்டிங்க அது, அந்த ரூம்ல ஒரு சொட்டு ஆயில் இருக்கக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க முன்னாடி மூணு வழி இருக்கு.

முதல் வழி வெளிலருந்தே அட்ஜஸ்ட் பண்றது. லிவர் பிளே (வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடற தூரம்), லிவரையும் கிளட்ச்சையும் இணைக்கற லிங்கேஜ் பின்னு, பிரேக் பேண்ட் நட்டு இவ்ளோ தான். அரை நாள்ல முடியும், ஸ்பேர் செலவு கிட்டத்தட்ட இல்ல. லிவர இழுத்தா பவர் கட் ஆவுது, ஆனா வண்டி பெரிய வட்டம் போட்டு தான் திரும்புதுன்னா பிரேக் தான் தேஞ்சிருக்கு, இதுக்கு இந்த வழி போதும். லிவர் பாதி தூரம் சும்மா வந்து கடைசில தான் கொஞ்சம் விடுதுன்னாலும் இது போதும், பின்னுங்க தேஞ்சு பிளே ஏறியிருக்கும். பின்ன மாத்தாம நட்ட மட்டும் டைட் பண்றவங்க மறுபடி ஒரு மாசத்துல அதே இடத்துக்கு தான் வருவாங்க.

ஆனா இதுல ஒரு ஆபத்து கீது. வெளிலயே முடிச்சிடணும்னு ஆசப்பட்டு லிவர்ல பிளேவே இல்லாம இறுக்கிடுவாங்க. லிவர தொடாதப்பவும் கிளட்ச்ச விட வெக்கற ரிலீஸ் பேரிங் பிளேட்ட தள்ளிக்கினே இருக்கும், கிளட்ச் பாதி விட்ட மாதிரியே ஓடும், லோடுல வழுக்கி வழுக்கி பிளேட்டு கருகும். திரும்பாத வண்டிய திரும்ப வெச்சுட்டு தள்ளாத வண்டியா ஆக்கிட்டோம்னு அர்த்தம். பிரேக் பேண்டும் அப்படித்தான், ஓவரா இறுக்குனா எப்பவும் உரசிக்கினே டிரம் சூடாவும், வண்டி தானா அந்த பக்கம் இழுக்கும். எவ்ளோ சுத்து இறுக்கி எவ்ளோ சுத்து விடணும்னு ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கணக்கு இருக்கு, மேனுவல்ல பாத்து பண்ணுங்க, பக்கத்து யார்டு வண்டி கணக்க உங்க வண்டிக்கு போடாதீங்க. கை வெக்கறதுக்கு முன்னாடி, மண் தள்ற பிளேட தரைல எறக்கி, இன்ஜின ஆஃப் பண்ணி, செயினுக்கு முன்னாடி பின்னாடி கட்டை வெச்சுடுங்க, பிரேக்க லூஸ் பண்ற நேரத்துல சரிவுல நிக்கிற வண்டிய புடிக்க வேற எதுவும் கிடையாது.

ரெண்டாவது வழி கழுவி விடறது. இது டிரை கிளட்ச்சுக்கு மட்டும் தான், பழைய கேட்டர்பில்லர் டி7 தலைமுறை மாதிரி. ஆயில் பட்ட பிளேட்டு வழுக்கும், கிளட்ச் ரூம்ல மண்ணெண்ணெய் ஊத்தி, லிவர இழுத்து விட்டு இழுத்து விட்டு வண்டிய கொஞ்ச நேரம் முன்ன பின்ன ஓட்டி, அப்பால அடி பிளக்க கழட்டி முழுசா வடிச்சு, மூடிய தொறந்து போட்டு காய விட்டுட்டு தான் லோடு கொடுக்கணும். பெட்ரோல் ஊத்துறவங்கள நான் பாத்திருக்கேன், உள்ள பிளேட்டு உரசி சூடாவற இடம் அது, தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஒரு மெஷினுக்காக உயிர வெச்சு விளையாட வேணாம்.

துருவுக்கும் இதே மாதிரி ஒரு வைத்தியம் உண்டு. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் உப்பு காத்துல மழைக்காலம் பூரா சும்மா நின்ன வண்டில பிளேட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், லிவர் இழுத்தாலும் விடாது. லிவர இழுத்த நிலைல கட்டி வெச்சு, அந்த பக்கம் பிரேக்க அமுக்கிக்கினு, சின்ன கியர்ல முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டினா டப்புனு ஒரு சத்தத்தோட விட்டுக்கும். விட்டா ரெண்டு நாள் வேல மிச்சம். நாலஞ்சு தடவ ஆட்டியும் விடலன்னா நிறுத்திடுங்க, அதுக்கு மேல முறுக்குனா கியர் பல்லுக்கு கேடு.

கழுவறதுல எனக்கு இருக்கற குறை ஒண்ணே ஒண்ணு தான். ஆயில் எங்கருந்து வந்துச்சுன்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. பெவல் கியர் பக்க சீல் (ஆயில் கசியாம தடுக்கற வளையம்) போயிருக்கும், இல்ல ஃபைனல் டிரைவ் பக்க சீல் போயிருக்கும், நீங்க எத்தன தடவ கழுவினாலும் அது ஊத்திக்கினே தான் இருக்கும். கான்ட்ராக்ட் முடிய பத்து நாள் தான் இருக்கு, அதுவரைக்கும் ஓட்டிட்டு அப்பால இறக்கறேன்னா கழுவுங்க. அதையே வேலைன்னு வெச்சுக்காதீங்க.

ஆயில்லயே ஓடற வெட் கிளட்ச், பிஇஎம்எல் டி80 மாதிரி ஹைட்ராலிக் உதவியோட வேல செய்யற வண்டிங்கன்னா கதை வேற. அங்க கழுவறதுக்கு பதிலா பிரஷர் கேஜ் போட்டு பாக்கறது தான் வழி. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மோசமாச்சுன்னா கிளட்ச்ச தொடவே தொடாதீங்க, ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது பம்பு, ஃபில்டர், ரிலீஃப் வால்வு, ஆயில் லெவல் இவ்ளோ தான், அதுங்கள பாருங்க. ஒரு பக்கம் மட்டும்னா அந்த பக்கம் பிரஷர் எவ்ளோ வருதுன்னு எதிர் பக்கத்தோட சேத்து பாருங்க, கம்மியா வந்தா வால்வு இல்ல உள்ள சீல், சரியா வந்தும் விடலன்னா அப்ப தான் பிளேட்டு மேல சந்தேகம். ஆயில் வடிகட்டற ஸ்ட்ரெய்னர கழட்டி ஒரு வெள்ளை துணில தட்டிப் பாருங்க, செதில் செதிலா, பிளேட்டு மேல ஒட்டியிருக்கற லைனிங் துணுக்கு விழுந்து ஆயில் கருகுன வாசன அடிச்சா மூணாவது வழிக்கு ரெடி ஆயிடுங்க.

மூணாவது வழி இறக்கறது. செலவும் அதிகம், நாளும் அதிகம், ஆனா கருகின பிளேட்டுக்கும் போன சீலுக்கும் வேற மருந்து இல்ல. இதுக்குள்ளயே மூணு தினுசு இருக்கு, புது பிளேட்டு செட்டு போடறது, பழைய பிளேட்டுலயே லைனிங் ஒட்டி வாங்கறது, ஸ்கிராப்புக்கு போன வண்டிலருந்து முழு கிளட்ச் பேக்க (பிளேட்டு, டிரம், ஸ்பிரிங் எல்லாம் சேந்தது) அப்படியே தூக்கி மாட்டறது. முழு பேக் தான் சீக்கிரம் ஆவற மாதிரி தெரியும், காலைல வாங்கி சாயந்தரம் மாட்டிடலாம்னு சொல்லுவாங்க. நான் அத கடைசியா தான் வெப்பேன், ஏன்னா அந்த வண்டி எதனால ஸ்கிராப்புக்கு போச்சுன்னு யாருக்கும் தெரியாது, பிரிச்சு பாக்காம மாட்டினா உங்க பிரச்சனைய இன்னொருத்தர் பிரச்சனையோட மாத்திக்கறீங்க. பிரிச்சு பாக்க விடறாங்கன்னா வாங்குங்க, அதுலயும் டிரம்ம மட்டும் எடுத்தா நல்ல லாபம்.

டிரம் ஏன்னு சொல்றேன். வெளி டிரம்மோட உள் பக்கம் வரிசையா பல்லு இருக்கும், லைனிங் பிளேட்டோட பல்லு அதுல மாட்டிக்கினு முன்ன பின்ன நகரும். வருஷக்கணக்கா லோடுல அடிச்சு அடிச்சு ஒவ்வொரு பிளேட்டு உக்கார்ற இடத்துலயும் டிரம் பல்லு குழி விழுந்துடும். கைய தொடச்சிட்டு சுண்டு விரல் நகத்த அந்த பல்லு மேல நீள வாக்குல இழுத்துப் பாருங்க, டக் டக்னு படி மாதிரி தடுக்கும். தடுத்துச்சுன்னா புது பிளேட்டு போட்டும் பிரயோஜனம் இல்ல, லிவர இழுக்கும்போது பிளேட்டு அந்த குழில மாட்டிக்கினு பின்னாடி நகராது, கிளட்ச் முழுசா விடாது. புது செட்டு போட்டும் பழைய மாதிரியே இழுக்குதுன்னு சொன்னவங்க வண்டிங்கள்ல நான் பாத்தது பெரும்பாலும் இது தான். நகம் தடுக்காத டிரம்முல லைனிங் ஒட்டின பழைய பிளேட்டு போட்டாலே நல்லா ஓடும், தடுக்கற டிரம்முல எவ்ளோ விலை கொடுத்த பிளேட்டும் வேல செய்யாது. இரும்பு பிளேட்டு வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல வெச்சு பாருங்க, ஆடுனா தூக்கி போட்டுடுங்க. பேக்க பிரிக்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், நீட்டு போல்ட் போட்டு கொஞ்சம் கொஞ்சமா விடணும், ஒரேயடியா நட்ட கழட்டினா மூஞ்சில தான் வரும்.

எந்த வழின்னு முடிவு பண்ண நான் இப்ப செய்யற ஒரு சோதனைய சொல்லிடறேன், அந்த மிக்ஜாம் வண்டிக்கு அன்னிக்கு பண்ணியிருந்தா லெஃப்ட்ட தொட்டிருக்கவே மாட்டேன். பிரேக் பெடல் தனியா, லிவர் தனியா இருக்கற, டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் பவர ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கொடுக்கறது) இல்லாத வண்டிக்கு தான் இது. சமதரைல, சுத்தி யாரும் இல்லாம பாத்துக்கினு, பெரிய கியர்ல போட்டு இன்ஜின மெதுவா ஓட விட்டு, லெஃப்ட் லிவர முழுசா இழுத்து ரைட் பிரேக்க அமுக்குங்க. பவர் போறதுக்கு ரைட் கிளட்ச் மட்டும் தான் வழி, அந்த வழியையும் பிரேக் அடைச்சிடுச்சு, அதனால ரைட் கிளட்ச் நல்லா இருந்தா இன்ஜின் முக்கி நின்னுடும். நிக்காம ஓடிக்கினே வண்டியும் அசையலன்னா ரைட் கிளட்ச் வழுக்குது. ஒரு செகண்டு ரெண்டு செகண்டு போதும், பிடிச்சு வெக்காதீங்க. அப்பால பக்கத்த மாத்தி பண்ணுங்க. ரெண்டு பக்கமும் நிக்கலன்னா இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற மெயின் கிளட்ச் மேல தான் சந்தேகப்படணும். செயின் தொய்வு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னும் ஒரு பார்வ பாத்துடுங்க, ஒண்ணு டைட்டு ஒண்ணு லூசுன்னா நேரா ஓட்டும்போதே வண்டி இழுக்கும்.

இன்னொண்ணு, குப்பை மேடு, சாம்பல் மேடுன்னு சரிவுல எறங்கும்போது மட்டும் வண்டி எதிர் பக்கம் திரும்புதுன்னு புது ஆப்பரேட்டர் பையனுங்க பயந்து போய் சொல்லுவாங்க. வண்டில கோளாறு இல்லீங்க. எறக்கத்துல இன்ஜின் தான் செயின புடிச்சுக்கினு இருக்கும், லிவர லேசா இழுத்தா அந்த பிடி போயி அந்த பக்கம் செயின் வேகமா ஓடும், அதனால மூக்கு எதிர் பக்கம் போவும். எறக்கத்துல பிரேக்கோட சேத்து திருப்பணும், இல்லன்னா எதிர் லிவர தொடணும். இத தெரியாம மேட்டு ஓரத்துல வண்டிய விட்டா கவுந்துடும். முதல் நாளே பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுங்க.

அந்த மிக்ஜாம் வண்டிக்கு கடைசில ரைட் பக்கம் ஃபைனல் டிரைவ் சீல் மாத்தி, பிளேட்டுக்கு லைனிங் ஒட்டி, நகம் தடுத்ததால டிரம் மட்டும் ஸ்கிராப் வண்டிலருந்து பாத்து எடுத்து போட்டோம். இப்ப அதே வண்டி ஆண்டார்குப்பம் பக்கம் மண் தள்ளுது. ஆப்பரேட்டர் திங்கக்கெழம காலைல இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்க அடி பிளக்கையும் கழட்டி கீழ ஒரு டப்பா மூடிய வெச்சு பாக்கறாரு, போன வாரம் ரைட்டுல ஒண்ணும் வரல, லெஃப்ட்டுல ரெண்டு சொட்டு வந்துச்சுன்னு போன் பண்ணாரு. சீல் வாங்கி வெச்சுட்டேன்.