பள்ளி இசை வகுப்புக்கு ரெக்கார்டர்: யமஹா 23-ஆ, 24பி-யா?

ரெக்கார்டர் என்னும், நேராகப் பிடித்து ஊதும் குழலில் யமஹா ஒய்.ஆர்.எஸ்.-23, ஒய்.ஆர்.எஸ்.-24பி இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. இரண்டும் தந்த நிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், மூன்று துண்டு, சி சோப்ரானோ (அடிச்சுரம் சி ஆன சிறிய அளவு), விலையும் ஏறத்தாழ ஒன்றே. பள்ளிக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 24பி வாங்கலாம். 23-ஐ யார் கொடுத்தாலும் வேண்டாம்.

காரணம் ஒரே ஒரு சுரம். 23 ஜெர்மன் விரலமைப்பு. 1920-களில் பீட்டர் ஹார்லன் தொடங்கி வைத்தது. இதில் எஃப் என்னும் மேற்கத்திய சுரத்தை வாசிக்க, பின்பக்கக் கட்டைவிரல் துளையோடு முன்பக்கத்தில் மேலிருந்து 1, 2, 3, 4 துளைகளை மூடினால் போதும், வரிசையாக இறங்கிவிடலாம். 24பி பரோக் வகை. அதில் எஃப்புக்கு 5-ஐத் திறந்துவிட்டு 6, 7-ஐயும் சேர்த்து மூட வேண்டும். பார்த்தவுடன் ஜெர்மன்தான் பிள்ளைகளுக்கு எளிது என்று தோன்றும். ஆனால் அந்த எளிமைக்கு விலை எஃப் ஷார்ப், அதாவது எஃப்புக்கு அரைச்சுரம் மேலே உள்ள சுரம். ஜெர்மன் வகையில் எந்த விரல் போட்டாலும் அது சுத்தமாக நிற்காது.

கர்நாடக சங்கீதம் சொல்லித்தரும் வகுப்பில் இந்தக் குறை இன்னும் பெரிதாகும். பிள்ளைகளின் குரலுக்கு ஒத்துவரும் 5 கட்டையில், அதாவது ஜி-யை ஸட்ஜமாக வைத்தால், சங்கராபரணம், ஹம்சத்வனி, மாயாமாளவகௌளை எல்லாவற்றின் நிஷாதமும் எஃப் ஷார்ப்தான்.

கையில் இருப்பது எந்த வகை என்று அறிய முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். ஐந்தாவது நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால் ஜெர்மன். ஒரே வகுப்பில் இரண்டும் கலந்துவிட்டால், சரியாக விரல் வைத்த பிள்ளையும் எஃப்பில் அபஸ்வரமாக ஒலிக்கும். ஆசிரியர் பிள்ளையைத் திருத்திக்கொண்டே இருப்பார், கோளாறு குழலில் இருக்கும்.

வழக்கம்போல மாயாமாளவகௌளை சரளி வரிசையில் தொடங்க இந்தக் கருவி உதவாது. 5 கட்டையில் சுத்த ரிஷபம், சுத்த தைவதம் இரண்டுக்குமே குறுக்கு விரல், அதாவது நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டுக் கீழே உள்ளவற்றை மூடும் முறை, வேண்டும். மோகனத்தில் தொடங்குங்கள். எல்லா ரெக்கார்டர் பாடமும் முதலில் தரும் பி, ஏ, ஜி மூன்றும் இங்கே க, ரி, ஸ. இடக்கை மட்டும் போதும். பிறகு மேலே டி, பஞ்சமம்: கட்டைவிரலையும் எடுத்துவிட்டு 2 மட்டும். கீழே இ, டி இரண்டும் மந்தர தைவதம், மந்தர பஞ்சமம். மந்தர ப முதல் மத்திய ப வரை கட்டைவிரல் துளையைப் பாதி திறக்கும் வித்தையும் தேவையில்லை, சுண்டு விரலும் தேவையில்லை. கமகத்தை மட்டும் இதில் தேடாதீர்கள். அதைப் பாடித்தான் சொல்லித்தர வேண்டும்.

கீச்சென்று கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: பலமாக ஊதுவது, அல்லது பின்பக்கத் துளையில் கட்டைவிரல் விலகியிருப்பது. விரலின் நுனியால் அல்ல, சதையால் மூட வேண்டும். எடுத்துப் பார்த்தால் முழு வட்டமாக அச்சு பதிந்திருக்க வேண்டும், பாதி வட்டம் என்றால் காற்று கசிகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் நாக்கால் ‘து’. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இடக்கைதான் மேலே. 6, 7 இரட்டைத் துளைகள் வலக்கைக்கென்றே அமைந்தவை. சிறு கைகளுக்கு அடித்துண்டைச் சற்று வலப்பக்கம் திருப்பினால் சுண்டு விரல் எட்டும். மூன்று துண்டாக இருப்பதன் பலன் இதுதான்.

சுருதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காற்று சூடானால் குழலின் சுருதி ஏறும்: 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 30 சென்ட், அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வாய்க்காற்றே குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு தெரியாது, ஆனாலும் மின்விசிறி மட்டும் சுழலும் வகுப்பறையில் சுருதிப் பெட்டியோடு உரசல் கேட்கும். தலைத்துண்டை 1 அல்லது 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் இறங்கும். நாற்பது தலைத்துண்டுகளை இழுத்துக்கொண்டிருப்பதைவிட, சுருதிப் பெட்டியின் ஃபைன் டியூன் குமிழைப் பிள்ளைகள் பக்கம் ஏற்றுவது சுலபம்.

பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது. பத்து நிமிடத்தில் காற்றுப் பாதையில் நீர் கோத்து ஒலி மங்கும். தலைத்துண்டின் முன்பக்கத்தில் உள்ள சதுரமான ஜன்னல் துளையை விரலால் லேசாக மூடி ஒரு முறை பலமாக ஊதினால் நீர் வெளியேறும். அதன் கூர் விளிம்பை நகத்தால் தொட விடாதீர்கள், அங்கே கீறல் விழுந்தால் தலைத்துண்டு வீண். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அலசி உலர்த்தினால் போதும். கொதிநீர் கூடாது. இணைப்புகளுக்குக் கடுகளவு கிரீம், கழற்றும்போது ஆட்டாமல் முறுக்க வேண்டும்.

கூடவே வரும் பை மெல்லியது, புத்தகப் பைக்குள் திணித்தால் அதிக நாள் தாங்காது. நிதி குறைந்த பள்ளி இரண்டு வகுப்புகளுக்கு ஒரே தொகுதியைப் பயன்படுத்தப் பார்க்கும். வாயில் வைக்கும் பொருள், அதை அனுமதிக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைத்து, ஆளுக்கொன்றாகப் பெயர் ஒட்டிக் கொடுக்கலாம். ஆர்டர் தாளில் ‘ரெக்கார்டர் 40’ என்று மட்டும் எழுதாமல் ‘24பி’ என்று எழுதுங்கள், பெட்டி வந்ததும் ஐந்தாம் துளையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.