போக்கிமான்: எங்கே தொடங்குவது என்பதை முதல் ஜிம் சொல்லிவிடும்

1996-இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில் தொடங்கிய, உயிரினங்களைப் பிடித்துச் சண்டையிடவைக்கும் போக்கிமான் வீடியோ கேம்களை வரிசைப்படி ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய நிலம், புதிய கதை. ஜோடியாக வரும் பதிப்புகளில் எதை வாங்குவது என்றும் குழம்ப வேண்டாம். பிடிபடும் உயிரினங்களில் சிலதான் பெரும்பாலும் மாறும். புதியவரை ஓர் ஆட்டம் எப்படி நடத்துகிறது என்பதை அதன் முதல் ஜிம்மிலேயே (தலைவர் ஒருவரைச் சண்டையில் வெல்ல வேண்டிய கூடம்) நான் பார்த்துவிடுவேன்.

பழைய 'ரெட்' ஆட்டத்தில் ஆசையாக நெருப்புக் குட்டி சார்மாண்டரைத் தேர்ந்தெடுத்தால், முதல் ஜிம்மில் பாறைவகை வைத்திருக்கும் ப்ராக் காத்திருப்பார். நெருப்பு பாறையில் பாதிதான் பலிக்கும். ஏன் தோற்கிறோம் என்று ஆட்டம் விளக்காது. பையில் 20 வகைப் பொருள்களுக்குத்தான் இடம்; பிடித்தவற்றைச் சேர்த்துவைக்கும் பெட்டி நிரம்பினால் கணினியில் நீங்களே மாற்றும்வரை புதிதாக எதையும் பிடிக்க முடியாது. வரலாறாக மதிக்கிறேன், தொடக்கமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

2004-இன் 'ஃபயர்ரெட்' அதே கதையை எவ்வளவோ கனிவாகச் சொல்கிறது. சார்மாண்டர் 13-ஆம் நிலையில் பாறையைப் பிளக்கும் எஃகுத் தாக்குதலைக் கற்றுக்கொள்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும்போது, கடைசியாக என்ன செய்தீர்கள் என்றும் நினைவூட்டுகிறது. முதல் 151 உயிரினங்கள்மேல் ஆசை உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2018-இல் வந்த 'லெட்ஸ் கோ'வில், புல்வகையோ நீர்வகையோ ஒன்றைக் காட்டினால்தான் ப்ராக்கின் ஜிம்முக்குள்ளேயே விடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் வழியில் எதிர்ப்படுபவற்றோடு பெரும்பாலும் சண்டை கிடையாது, பிடிப்பதற்கான பந்தை எறிவதுதான். பலவீனப்படுத்திப் பிடிக்கும் பழக்கம் கைவராது.

என் தேர்வு 2010-இல் நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்கு வந்த 'பிளாக்'. அங்கே முதல் ஜிம்மில் மூன்று சகோதரர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த குட்டிக்கு எந்த வகை ஆகாதோ அதை வைத்திருப்பவர்தான் எதிரே நிற்பார். அதற்கு முன்பே, பக்கத்துப் பாழடைந்த இடத்தில் ஒரு பெண் அவரை வெல்லக்கூடிய குரங்குக் குட்டியை உங்கள் கையில் கொடுத்துவிடுவாள். வகைகளின் உறவு முழுவதும் அந்த ஒரே சண்டையில் புரிந்துவிடுகிறது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கதை முடியும்வரை பழைய உயிரினம் ஒன்றுகூடக் காட்டில் தென்படாது, 156-உம் புதியவை. பல்லாண்டு ரசிகரும் நேற்று வந்தவரும் ஒரே வியப்போடு புல்லுக்குள் நடக்கலாம். நியூயார்க்கைத் தழுவிய அந்த நிலத்தில், 'போக்கிமான்களை அடைத்து வைப்பது சரியா?' என்று கேட்கும் 'N' என்ற பெயருடைய இளைஞனுக்காகவே ஆடலாம்.

ஸ்விட்ச் மட்டுமே இருக்கிறதா? 2022-இன் 'ஸ்கார்லெட்' எடுங்கள். திறந்தவெளி உலகம், எந்த ஜிம்முக்கும் எந்த வரிசையிலும் போகலாம். ஆனால் எதிராளியின் பலம் உங்களுக்கு ஏற்ப மாறாது. வழி தவறிப் போனால் அடி பலமாக விழும். காட்சிகள் அங்கங்கே தடுமாறும். முதல் முறை ஆடுபவர்கள் கார்டோண்டோ ஊரின் பூச்சிவகை ஜிம்மில் தொடங்குங்கள்.

'பிளாக்' வாங்குவதென்றால் பழைய கார்ட்ரிட்ஜைத்தான் தேட வேண்டும், போலிகள் ஏராளம். அசலில் அகச்சிவப்புக் கதிர்ப் பொறி உண்டு. அதனால் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கருப்பு உறை லேசாகச் சிவந்து தெரியும். தெரியவில்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள்.