குதிரைக்குக் கல்லடைப்பு மருந்து என்று சொல்லி 46,800 ரூபாய் வாங்கினார்கள்: பெங்களூரில் குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எலஹங்காவுக்கு அப்பால் வாடகைக்கு எடுத்த ஒரு லாயத்தில் மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கிறேன். அவற்றுள் மூத்தவன் செவலை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன், காயடித்த ஆண் குதிரை, வயது 14. அவனுடைய சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று முறையாகச் சோதித்துப் பார்க்காமல், பத்து நாள்கள் ஊசி போட்டு, 46,800 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, அவனுடைய சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடந்தது முழுவதையும் எழுதிவிட்டு, நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சவாரி முடிந்து சேணத்தை இறக்கிய பிறகு, செவலை பின்னங்கால்களை அகட்டி, முதுகை நீட்டி, வெகுநேரம் முக்கிக்கொண்டு நின்றான். முதலில் வழக்கமான சிறுநீர் வந்தது. முடியும்போது சிவப்பாகச் சொட்டியது. அடுத்த சில நாள்களில், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவதும், பின்னங்கால்களின் உட்பக்கம் எப்போதும் ஈரமாக இருந்து தோல் வெந்ததுபோல் சிவந்து மயிர் உதிர்வதும் கண்ணில் பட்டன. குதிரை மருத்துவத்தில் பழக்கமுள்ளவர்கள் பெங்களூரில் பெரும்பாலும் பந்தயக் குதிரைகளோடு இருப்பவர்கள். எங்களைப் போன்ற சிறிய லாயங்களுக்கு அவர்கள் உடனே கிடைப்பதில்லை. அந்த அவசரத்தில்தான், வீட்டுக்கே கால்நடை மருத்துவரை அனுப்புவதாகச் சொல்லும் ஒரு கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தேன். ஆலோசனைக் கட்டணம் 3,500 ரூபாய்.

வந்தவர் முப்பது வயதைத் தாண்டாதவர். நான் கன்னடத்தில் பேசத் தொடங்கியதுமே என் உச்சரிப்பைக் கவனித்து, “அக்கா, நீங்க தமிழா? நான் சேலம்” என்றார். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கும் எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது. அவர் நேராகப் போய்ச் செவலையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, மெல்லத் தடவி, அவன் காதருகே ஏதோ பேசினார். அந்நியரைக் கண்டால் காதை மடக்கும் செவலை அன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். குதிரையே நம்பும் மனிதர் என்று நானும் நம்பிவிட்டேன். பதிவு எண்ணைக் கேட்க வேண்டும் என்று முந்தைய இரவு தாளில் எழுதி வைத்திருந்தவள், அதன் பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் சிறுநீரைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மஞ்சளாக, கலங்கலாக, அடியில் மணல்போல் படிந்து, கொஞ்சம் கொழகொழப்பாக இருந்தது. “பாருங்கக்கா, முழுக்கச் சீழ்” என்றார். பிறகு நிறம் மாறும் பட்டைக் குச்சி ஒன்றை அதில் நனைத்தார். அதில் ஒரு கட்டம் சில நொடிகளில் பச்சையாக மாறியது. “புரதம் ஒழுகுது, கிட்னி போயிட்டிருக்கு” என்றார். எங்கள் குதிரைக்காரர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வருடமாக லாயத்தில் இருப்பவர். அவர் மட்டும், “அம்மா, குதிரை மூத்திரம் எப்பவுமே கலங்கித்தான் இருக்கும், இதைப் போயி சீழுங்கறாரே” என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே, “பெரியவரே, இது படிச்சுப் பாக்கற விஷயம்” என்றார். பெரியவரைச் சும்மா இருக்கும்படி நானும் சைகை காட்டினேன்.

அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி. குதிரை, தீவனத்திலிருந்து தேவைக்கு மேல் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும் பிராணி. ஆகவே ஆரோக்கியமான குதிரையின் சிறுநீரிலும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கும். சிறுநீரகத்திலேயே சுரக்கும் சளியும் கலந்திருக்கும். குதிரையின் சிறுநீர் இயல்பாகவே காரத்தன்மை கொண்டது என்பதால், மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட பட்டைக் குச்சியில் புரதக் கட்டம் பொய்யாகவே பச்சை காட்டக்கூடும். அதாவது, அன்று என்னைப் பயமுறுத்திய இரண்டு காட்சிகளையும் அந்த மனிதர் எந்த நல்ல குதிரையிடமும் காட்டியிருக்க முடியும். உண்மையான அறிகுறியான, சவாரிக்குப் பின் கடைசியில் சொட்டிய அந்த இரத்தத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆசனவாய் வழியாகக் கைவிட்டுச் சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்க்கவில்லை, இரத்தம் எடுக்கவில்லை, சிறுநீரை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை.

பட்டைக் குச்சிச் சோதனைக்கு 1,800, பத்து நாள் ஊசிக்கு 28,000, கல்லும் சீழும் கரைந்து வெளியேற ஒரு பொடிக்கு 13,500 என்று கணக்குச் சொன்னார். ஆலோசனைக் கட்டணத்தையும் சேர்த்து 46,800 ரூபாய். குழந்தைகளின் மூன்று மாதச் சவாரிக் கட்டணம் அது. செயலி வழியாகக் கட்டினால் வரி சேரும் என்று சொல்லி, தன் சொந்த எண்ணுக்கே அனுப்பச் சொன்னார். லாயத்து வாசலில் நின்றபடியே அனுப்பினேன்.

தினமும் ஓர் உதவியாளர் வந்து இரண்டு ஊசிகள் போட்டார். குப்பிகளின் மேல் ஒட்டியிருந்த தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. நான்காம் நாள் செவலை கொள்ளைத் தொடவில்லை. வழக்கமாக நாற்பது லிட்டர் வரை குடிப்பவன் அதில் பாதிகூடக் குடிக்கவில்லை. அழைத்துக் கேட்டபோது, “மருந்து வேலை செய்யுதுக்கா, அப்படித்தான் இருக்கும்” என்றார். ஆறாம் நாள் இரத்தம் அதிகமாக வந்தது. “கல் உடைஞ்சு வருது, நல்ல அறிகுறி” என்றார். எட்டாம் நாள் அழைப்பை எடுக்கவில்லை. பத்தாம் நாள், குதிரைக்குத் தீவனம் கொடுப்பதில் நாங்கள்தான் தவறு செய்திருப்போம் என்று குறுஞ்செய்தி வந்தது. அதோடு சரி.

பதினோராம் நாள், செவலை சுவரோரம் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வண்டி பிடித்து ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த மருத்துவர், குதிரையை அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து, ஆசனவாய் வழியாகக் கைவிட்டு ஒரு நிமிடம் தடவினார். “கல்லும்மா, கையிலயே தட்டுப்படுது” என்றார். பிறகு ஸ்கேன் கருவியை உள்ளே வைத்துக் காட்டினார். திரையில் வெள்ளையாக வளைந்த ஒரு கோடு, அதன் பின்னால் கரிய நிழல். மெல்லிய குழாய்க் கேமராவைச் சிறுநீர்த் தாரை வழியாகச் செலுத்தியபோது அதை நானே நேரில் பார்த்தேன்: கொய்யாக்காய் அளவில், பழுப்பு மஞ்சளாக, மேலெல்லாம் முள்முள்ளாக இருந்தது. குதிரை ஓடும்போது அந்த முள்கள்தாம் சிறுநீர்ப்பையின் சுவரை உரசி இரத்தம் வரவைத்திருக்கின்றன.

குதிரையின் சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று மட்டும் தனியாக வருவது அபூர்வம், அப்படி வந்தால் அதன் பின்னால் கல்லோ, சிறுநீர்ப்பை செயலிழப்போ இருக்கிறதா என்று தேட வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். தொற்று இருந்தால்கூட, குழாய் விட்டு எடுத்த சிறுநீரை வளர்த்துப் பார்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று தெரிந்த பிறகே மருந்து கொடுப்பார்களாம். பெண் குதிரைக்குச் சிறுநீர்த் தாரை குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் சிறிய கற்கள் தாமே வெளியேறிவிடும். ஆண் குதிரைக்கு, அதிலும் காயடித்ததற்கு, உள்ளேயே தங்கி வளரும். இந்த அளவுக்கு வளர்ந்த கல்லை எந்தப் பொடியும் கரைக்காது. அறுத்தோ உடைத்தோதான் எடுக்க வேண்டும். நாங்கள் தாராளமாகப் போட்டுவந்த குதிரை மசால் என்னும் பசுந்தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், இனி அதைக் குறைக்கச் சொன்னார்.

குதிரைக்காரர் தீவன வாளியில் சேர்த்து வைத்திருந்த காலிக் குப்பிகளைக் கொடுத்தார். ஒன்றில் தாளின் ஓரம் கிழிபடாமல் இருந்தது. அதில் ஜென்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தின் பெயரில் பாதி எழுத்துகள் தெரிந்தன. இன்னொன்று ஃபினைல்பியூட்டசோன் என்னும் வலி மருந்து. தண்ணீர் குடிக்காமல் வறண்டிருக்கும் குதிரைக்கு இவை இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்று மருத்துவர் சொன்னார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் செவலையின் இரத்தத்தில் 3.1 இருந்தது, 2-க்குள் இருக்க வேண்டியது. அது இறங்கும்வரை அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்க முடியாது.

இப்போது அந்தச் செயலிக்காரர்களின் பதில்களைச் சொல்கிறேன். முதல் நாள், “உங்கள் கருத்துக்கு நன்றி.” இரண்டாம் நாள், “சேவை நிறைவடைந்ததாகப் பதிவாகியுள்ளது.” வந்தவரின் பெயரையும் மருத்துவப் பதிவு எண்ணையும் கேட்டதற்கு, தனிநபர் விவரம் தர இயலாது என்றார்கள். பணத்தைக் கேட்டதற்கு, 3,500 ரூபாய் மட்டும்தான் தங்களிடம் வந்தது, மீதி 43,300 ரூபாய் நீங்களாகவே ஒரு தனிநபருக்குக் கொடுத்தது என்றார்கள். அந்த 3,500-ஐயும் திருப்பித் தரவில்லை. என் வாசலுக்கு அந்த மனிதரை அனுப்பியவர்கள் அவர்கள்தானே? நேற்று நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். 46,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்றுவரை திரும்பவில்லை.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். கல்லூரிக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். வருபவரிடம் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை, குதிரையைத் தொடுவதற்கு முன்பே கேளுங்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் வைத்தியம் செய்யக் கூடாது. கலங்கிய சிறுநீரைக் காட்டிச் சீழ் என்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். தாள் கிழித்த குப்பியிலிருந்து ஓர் ஊசியும் போடவிடாதீர்கள், காலிக் குப்பிகளை எறியாதீர்கள். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சவாரிக்குப் பின் சிறுநீரில் இரத்தம் கண்டால் கைவிட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் அன்றே போங்கள். லாயத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

செவலைக்கு நரம்பு வழியாக நீர் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாளை காலை மறுபடியும் இரத்தம் எடுப்பார்கள். இரவெல்லாம் அவனோடு இருக்கும் குதிரைக்காரர் சற்றுமுன் அழைத்தார். நேற்று ஒரு வாளிதான் குடித்தானாம், இன்று இரண்டாவது வாளியிலும் வாய் வைத்திருக்கிறானாம்.