கௌதிம், சொக்சோ, கோர்ட்: கம்பெனி பஸ்ஸில் அடிபட்டால் எந்தப் பக்கம் போவது?

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையோரம் நின்றால் முதலில் கண்ணில் படுவது கம்பெனி பஸ்தான். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டு ஆள்கள் வந்தார்கள். நாங்கள் கூலிம், பிறை ஊர்களுக்குத் தொழிற்சாலை ஷிஃப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்தோம். நான் போக ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. போன வருடம் ஒரு காலையில் டிரைவர் கண் அசந்துவிட்டார். முன்னால் போன செம்பனை லாரியை இடிக்காமல் இருக்கக் கடைசி நேரத்தில் ஒடித்தார். பஸ் இடது பக்கம் லோங்கானுக்குள், சாலையோரக் கால்வாய்க்குள், சாய்ந்தது. எனக்கு இடது காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே மூன்று வழிகள் கட்டிலைத் தேடி வந்துவிட்டன. பஸ் முதலாளியின் ஆள் ஓர் உறையோடு வந்தார்; அது கௌதிம், அதாவது கேஸ் இல்லாமல் கையில் பணம் கொடுத்துப் பேசி முடித்துக்கொள்வது. கம்பெனியிலிருந்து எச்.ஆர். பெண் ஃபோன் செய்து, "அக்கா, சொக்சோ போட்டுடலாம்" என்றாள்; அது தொழிலாளர்களுக்கான அரசாங்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டம். சாயந்திரம், யார் சொல்லி வந்தார் என்றே தெரியாத ஒரு ரன்னர் (லாயருக்குக் கேஸ் பிடித்துக் கொடுக்கும் ஆள்), கையெழுத்து வாங்கும் லாயர் ஆபீஸ் பாரத்தோடு கால்மாட்டில் நின்றார். கடைசியில் நான் சொக்சோவும் போட்டேன், கோர்ட்டில் கேஸும் போட்டிருக்கிறேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கௌதிமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் உடனே கைக்கு வரும், அவ்வளவுதான் அதன் அழகு. எனக்குக் காட்டியது மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்). சிராய்ப்பு, ரெண்டு நாள் எம்.சி. (டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்பு) என்றால் வாங்கிக்கொண்டு போங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். எலும்பு முறிந்திருந்தால் தொடாதீர்கள். உறையோடு ஒரு கடிதமும் வரும். அதில் 'பெனு டான் முக்தாமாட்' என்று எழுதியிருக்கும்: முழுசாக, கடைசியாகத் தீர்ந்துவிட்டது, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். மணிக்கட்டு எப்படி ஒட்டும் என்பது எலும்பு டாக்டருக்கே சில மாதம் போனால்தான் தெரியும். ரெண்டாம் நாள் கட்டுப் போட்ட கையோடு படுத்திருக்கும் நமக்கு என்ன தெரியும்?

சொக்சோவின் பலம், யார் மேல் தப்பு என்று அது கேட்பதே இல்லை. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து வேலை விபத்தாகவே கணக்கில் வரும். பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகும்போது மோட்டார் சைக்கிள் இடித்தாலும் அப்படித்தான். வழக்கமான வழியை விட்டு விலகினாலோ வழியில் வேறு வேலையாக நின்றுவிட்டாலோ சிக்கல் வரும். வேலை முடிந்து பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், இறங்கி மீன் வாங்கிவிட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எங்கள் பஸ்ஸில் இருந்த வங்காளதேசத்துத் தம்பிக்கு அது தெரியாமலே இருந்தது.

கம்பெனி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். பாரம் 34, எம்.சி., போலீஸ் ரிப்போர்ட், பஞ்ச் கார்ட் நகல், வீட்டிலிருந்து கம்பெனிக்கு வழி காட்டும் வரைபடம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். எம்.சி. குறைந்தது நான்கு நாள் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். என் கணக்கில் நாளுக்கு 56 வெள்ளி. 92 நாளுக்கு 5,152 வெள்ளி வந்தது. உறையில் இருந்ததைவிட இதுவே அதிகம், அதுவும் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாமல். கை பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் டாக்டர்கள் குழு பார்த்து ஊனத்துக்கு விழுக்காடு போடும். 20 விழுக்காடு வரை முழுவதையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை உயிர் உள்ளவரை மாதாமாதமும் தருவார்கள்.

ஆனால் சொக்சோ சம்பளத்தையும் ஊனத்தையும்தான் அளக்கும். வலிக்கு அதில் கணக்கு இல்லை. மூன்று மாதம் என் தலையைப் பின்னிவிட, கோழி வெட்டிக் கொடுக்க, துணி பிழிய என் நாத்தனார் பட்டர்வொர்த்திலிருந்து வந்து தங்கினாரே, அதற்கும் இல்லை. அதெல்லாம் கோர்ட்டில்தான் கேட்க முடியும்.

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. நான் பேசிய பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைக் கேட்கவே இல்லை: பஸ் யாருடையது?

1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 31-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சொக்சோவில் இருக்கும் தொழிலாளி, வேலை விபத்துக்காகத் தன் முதலாளிமேலோ முதலாளியின் மற்ற ஆள்மேலோ நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம். பஸ் கம்பெனிக்குச் சொந்தம், டிரைவரும் கம்பெனி சம்பளத்தில் இருக்கிறவர் என்றால், டிரைவர் தூங்கியே ஓட்டியிருந்தாலும் அந்தக் கதவு மூடிவிடும். சொக்சோ கொடுப்பதோடு நிற்க வேண்டியதுதான். அதே பஸ் ஒரு காண்ட்ராக்டருடையது என்றால் அவர் நமக்கு முதலாளி இல்லை, வெளியாள். அவர்மேலும் டிரைவர்மேலும் வழக்குப் போடலாம்.

நாங்கள் எல்லாரும் அது கம்பெனி பஸ் என்றுதான் பத்தொன்பது வருடமும் நினைத்துக்கொண்டிருந்தோம். முன்கண்ணாடியில் கம்பெனி பெயர் அட்டை மாட்டியிருக்கும், டிரைவரும் கம்பெனி கார்டு போட்டிருப்பார். வீட்டுக்காரர் போலீஸ் நிலையத்துக் கொட்டகையில் பஸ்ஸைப் போய்ப் பார்த்தபோதுதான், கதவுக்குப் பக்கத்தில் வெயிலில் வெளுத்துப்போன எழுத்தில் வேறொரு பெயர் இருந்தது தெரிந்தது. நடுவில் ஓர் எழுத்து உதிர்ந்தே போயிருந்தது. அதையும் நம்பர் பிளேட்டையும் படம் எடுத்துக்கொண்டு வந்தார். கிராண்ட் (வண்டியின் உரிமைப் பத்திரம்) யார் பெயரில், இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியில் என்பதை நம்பரை வைத்தே லாயர் தேடி எடுத்துவிட்டார். எங்கள் வழக்கு நிற்பதே அந்த ஒரு படத்தின்மேல்தான் என்று சொல்வேன்.

சாலையில் போன வேறு வண்டியின் தப்பு என்றால் பஸ் யாருடையது என்பது அவ்வளவு முக்கியமில்லை. அந்த வண்டிக்காரரும் வெளியாள்தான். எங்கள் விஷயத்தில் டிரைவர் தன் போலீஸ் ரிப்போர்ட்டில் 'லாரி திடீரென்று பிரேக் போட்டது' என்று எழுதியிருந்தார். கண் அசந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் பயணியும் தனக்கென்று ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்கிறேன். நான் மூன்றாம் நாள் கொடுத்தேன். பயணிக்கு ஒரு வசதி உண்டு: ஸ்டியரிங் நம் கையில் இல்லை, அதனால் தப்பு நம் தலையில் விழுவது அபூர்வம். லாயர் பஸ்காரர், லாரிக்காரர் இரண்டு பேரையும் சேர்த்தே வழக்கில் இழுத்தார். யார் எவ்வளவு தப்பு என்று அவர்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும்.

சொக்சோ வாங்கினால் கேஸ் போட முடியாது என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பேச்சு உண்டு. 31-ஆவது பிரிவை யாரோ அரைகுறையாகக் கேட்டுப் பரப்பியது என்று நினைக்கிறேன். வெளியாள்மேல் போடும் வழக்குக்கு அது தடையில்லை. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு, காயத்துக்கான நஷ்டஈட்டைக் கணக்கிடும்போது இன்சூரன்ஸ் பணத்தையும், சட்டப்படி கிடைத்த இப்படிப்பட்ட உதவித் தொகையையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. அதாவது ரெண்டு தட்டிலும் சாப்பிடலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

வாகன விபத்து வழக்குகளுக்கு செஷன்ஸ் கோர்ட்டில் தொகை வரம்பு கிடையாது. காசு கட்டி ஏறும் பயணிகளையும் வேலைக்காக ஏற்றிப் போகும் பயணிகளையும் வண்டியின் கட்டாய இன்சூரன்ஸ் பாதுகாக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்வதால், ஜெயித்தால் பணம் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் பாக்கெட்டிலிருந்து வராது, இன்சூரன்ஸிலிருந்து வரும். "பாவம் அந்த முதலாளி, நம்ம ஆளு" என்று இரக்கப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி வரப்போகும் சம்பள இழப்பை எத்தனை வருடத்தால் பெருக்குவது என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 வருடம். 31 முதல் 59 வரை, 60-இல் வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் அது 55-ஆக இருந்தது. எனக்கு அப்போது 44. 60-இல் கழித்தால் 16, பாதி 8. கை வலியால் நான் இப்போது ஓவர்டைம் எடுப்பதில்லை, மாதம் 600 வெள்ளி போகிறது. 600 பெருக்கல் 12 பெருக்கல் 8, 57,600. கோர்ட் இதை அப்படியே கொடுத்துவிடும் என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்டிருப்பது அது.

இதில் ஒரு பாடம் சூடுபட்டுத்தான் கற்றேன். சம்பளத்துக்குச் சாட்சியாக இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். இபிஎஃப்-க்கு ஓவர்டைம் கணக்கில் வராது, சொக்சோவுக்கு வரும். ஆக, நான் இழந்தது என்று சொல்லும் அதே ஓவர்டைம் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. லாயர் சிரித்துவிட்டு, சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பிஸ்கட் டின்னில் பதினோரு மாதச் சீட்டு கிடந்தது, ஒரு மாதச் சீட்டில் பேத்தி படம் வரைந்திருந்தாள்.

கோர்ட்டின் குறை நேரம்தான். என் வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்பதில் என் அனுபவம் பாதியில்தான் இருக்கிறது. வழக்குப் போட தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு வருடம் இருக்கிறது, அரசாங்க வண்டி என்றால் 36 மாதம், உயிர் போயிருந்தால் குடும்பத்தாருக்கு மூன்று வருடம். நாள் இருக்கிறதே என்று போட்டுவைத்தால் டிரைவர் ஊர் மாறிவிடுவார், சாட்சி சொல்லப் பக்கத்து சீட் ஆளும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

அந்த ரன்னர் 'முப்பது பெர்சென்ட் எங்களுக்கு, மீதி உங்களுக்கு' என்றார். வரும் பணத்தில் இவ்வளவு பங்கு என்று லாயர் பேசிக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை. ரன்னர் பேச எங்கே இடம்? பாரத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, வெளியே வந்ததும் சுங்கை பட்டாணியில் தெரிந்தவர் சொன்ன லாயரிடம் நேரில் போனேன். கையில் காசே இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் கேட்கலாம்; விபத்து வழக்குகளையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த அக்காவுக்கு இடுப்பெலும்பில் விரிசல். அவர் உறையை வாங்கிவிட்டார், ரெண்டாயிரம். கௌதிம் ஆனதால் சொக்சோவும் போச்சு என்று நினைத்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காண்ட்ராக்டரோடு முடித்துக்கொண்டது சொக்சோவைத் தொடாது என்று சொல்லி, போன மாதம் நான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பாரம் கொடுக்க வைத்தேன். அப்புறம் என் லாயரிடமும் கேட்டேன். கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றார். அக்காவிடம் நகல் இல்லை. ஒரே ஒரு பிரதிதான், அதுவும் பஸ் ஆபீஸில் இருக்கிறது. திங்கட்கிழமை ரெண்டு பேரும் போய்க் கேட்கப் போகிறோம்.