அல்சூர் காபித்தூள் கடையும் அதன் கரும்பலகையும்

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் இந்தக் காபித்தூள் கடையில் நான் நான்கு ஆண்டுகளாக மாதம் ஒன்றரைக் கிலோ வாங்கி வருகிறேன். தன் பெயரையோ கடையின் பெயரையோ எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கன்னடத்தில் ‘காபி புடி’ என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்று வாசலில் உண்டு. வறுவல் நடக்கும் நேரமானால் அந்தப் பலகையைத் தேட வேண்டியதே இல்லை.

தூளைப் பற்றிச் சொல்லும் முன் கல்லாவுக்கு மேலே தொங்கும் கரும்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இடப்பக்கம் தூளின் விலை; வலப்பக்கம், கடைசியாக இறக்கிய மூட்டையின் பச்சைக் கொட்டை விலையும் அது வந்து சேர்ந்த தேதியும். வாங்கிய விலையை வாடிக்கையாளர் கண்முன்னே எழுதிவைக்கும் காபிக் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் முதன்முதலில் வந்தபோது எண்பது பங்கு பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாய் உருண்டு விளையும் கொட்டை), இருபது பங்கு சிக்கரி என்ற எண்பதுக்கு இருபது கலவை கிலோ 560 ரூபாய். இப்போது 860. இந்த 300 ரூபாய் ஏற்றத்தில் கடைக்காரரின் கை எவ்வளவு, உலகச் சந்தையின் கை எவ்வளவு என்று கேட்பவருக்கு அந்தப் பலகையே கணக்குக் காட்டிவிடுகிறது. வறுக்கும்போது கொட்டை தன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கொட்டை விலை நூறு ரூபாய் ஏறும்போது தூள் விலை ஏன் நூற்றுக்கு மேல் ஏறுகிறது என்பதும் விளங்கும்.

உலகச் சந்தையில் நடந்ததோ சிறிய காரியம் அல்ல. காபியின் இரு பெரிய வகைகளில் அராபிகாவுக்கு நியூயார்க்கிலும் ரோபஸ்டாவுக்கு லண்டனிலும் விலை நிர்ணயமாகிறது. 2024இல் அராபிகா மிகுதியாக விளையும் பிரேசிலில் மழை பொய்த்தது. அதற்கு முன்பே ரோபஸ்டா மிகுதியாக விளையும் வியட்நாமும் வறட்சியில் சிக்கியிருந்தது. 1975ஆம் ஆண்டு உறைபனியில் பிரேசில் தோட்டங்கள் கருகியதைத் தொடர்ந்து 1977இல் எட்டிய பழைய உச்சத்தை, 2024 டிசம்பரில் நியூயார்க்கில் அராபிகா விலை கடந்தது; 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலரையும் தாண்டியது. அந்தச் சூடு தணியத் தொடங்கிய வேளையில், ஆகஸ்டு மாதம் அமெரிக்கா பிரேசில் பொருள்களுக்கு 50 சதவீத இறக்குமதி வரி விதிக்க, விலை மறுபடியும் ஏறியது. ஹவாய் போன்ற தீவுகளில் விளையும் சிறிதளவை விட்டால் அமெரிக்காவில் பெயர் சொல்லும்படி காபி விளைவதில்லை. உள்நாட்டு விவசாயியைக் காப்பதற்காகத்தான் வரி என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. அந்தச் சுமை அந்நாட்டில் காபி குடிப்பவர் தலையில்தான் இறங்கியது. நவம்பரில் காபிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் இந்தக் கரும்பலகை ஐந்து முறை அழித்து எழுதப்பட்டதை நான் பார்த்தேன்.

இந்தியா இறக்குமதிக் காபிக்கு 100 சதவீதச் சுங்க வரி விதிக்கிறதே, ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளிலிருந்து வந்தாலும் 45 சதவீதம் உண்டே, பிறகு நியூயார்க்கில் நடப்பது அல்சூரை ஏன் தொடுகிறது என்று கடையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் சுவர் உள்ளே வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதைத் தடுக்காது. நம் விளைச்சலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஏற்றுமதியாகிறது. வாங்குவோரில் இத்தாலி முன்வரிசையில் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் கொடுக்கும் விலையை உள்ளூர் வியாபாரி கொடுக்காவிட்டால், குடகிலும் சிக்கமகளூரிலும் மூட்டை அவிழாது. உடனடிக் காபி செய்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளாவது வெளிநாட்டுக் கொட்டையை வரியின்றி இறக்கிக்கொள்ளலாம். சில்லறைக்கு வறுக்கும் இவருக்கு அந்த வழியும் கிடையாது.

அப்படியானால் ஏற்றுமதியை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று அதே வாடிக்கையாளர் விடவில்லை. 2022 மே மாதம் கோதுமைக்கும், 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும், அதே ஆண்டு டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்ததே என்று உதாரணமும் சொன்னார். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “விலை விழுந்தப்போ தோட்டக்காரன் வீட்டுக்கு நாம யாரும் போய்ப் பாக்கலியே, ஐயா” என்றார். அவர் தந்தை, மத்திய அரசின் காபி வாரியம் விளைச்சல் முழுவதையும் தன் கையில் வாங்கி ஏலம் விட்ட காலத்தில் கொட்டை வாங்கியவர். 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்படி நடந்த அந்த ஏற்பாடு தொண்ணூறுகளில் படிப்படியாகக் கலைந்தது. நாடுகளுக்கு ஏற்றுமதி ஒதுக்கீடு வகுத்திருந்த சர்வதேசக் காபி உடன்பாட்டின் ஒதுக்கீட்டு முறையோ 1989இலேயே முறிந்துபோயிருந்தது. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாத நிலையில் 2001இல் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது குடகிலும் வயநாட்டிலும் தோட்டக்காரர்கள் பட்ட கடனைக் கடைக்காரர் நேரில் கண்டிருக்கிறார். நான் அவர் பக்கம்தான். அரிசியும் காபியும் ஒன்றல்ல. விலை விழும்போது தோட்டக்காரரைச் சந்தையின் கையில் விட்டுவிட்டு, ஏறும்போது மட்டும் அவர் கையைக் கட்டுவது நியாயம் ஆகாது. விலை உயர்ந்தால் நாம் ஒரு டம்ளர் குறைத்துக் குடிக்கலாம். காபிச் செடியோ நட்டுக் காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

இனித் தூள். இக்கடையின் உண்மையான பெருமை சிக்கரியில் இருக்கிறது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் விகிதமும் உறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். விலை ஏறிய காலத்தில் வேறொரு கடையில் வாங்கிய பொட்டலத்தில் விகிதமே இல்லை. டிகாக்‌ஷன் கருகருவென்று இறங்கியது, மணமோ துளியும் இல்லை. இங்கே அப்படி நடந்ததில்லை. கொட்டையையும் சிக்கரியையும் தனித்தனியே தராசில் நிறுத்து, எண்களை நம்மைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கலக்கிறார். அரைத்த தூளை உடனே கட்டித் தருவதும் இல்லை. அகலமான தட்டில் பரப்பிச் சூடு ஆறவிடுகிறார், ஏனென்றால் சூட்டோடு கட்டினால் உறைக்குள் வியர்த்துக் கட்டி தட்டிவிடும். எண்பதுக்கு இருபது கலவையில் முதல் டிகாக்‌ஷன் செம்பழுப்பாக, மெல்லிய புளிப்போடு இறங்கும். சிக்கரியே வேண்டாதவர்கள் பிளாண்டேஷன் ஏ என்ற தர அராபிகா கொட்டையில் பாதியும் பீபெர்ரியில் பாதியும் கேட்டு வாங்கலாம். கிலோவுக்கு நூறு ரூபாய் போலக் கூடும்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் அரவை மிக நைஸாகிவிடுகிறது. பில்டரின் துளைகள் அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் இறங்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது. இருமுறை சொன்ன பிறகும் மூன்றாம் முறை அதுவே நடந்தது. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. கொட்டை விலை இறங்கிய இரண்டு வாரங்களில் வலப்பக்க எண் மாறியது, இடப்பக்க எண் மாறவில்லை. கேட்டபோது, பழைய விலைக்கு வாங்கிய ஒன்பது மூட்டை உள்ளே கிடக்கிறது என்று திரையை விலக்கிக் காட்டினார். மூட்டைகள் இருந்தது உண்மைதான். ஆனால் ஏறும்போது பழைய மூட்டைக்காக அவர் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. அதை அவரிடமே சொன்னேன், மறுப்பேதும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கிலோவுக்கு 20 ரூபாய் குறைந்திருந்தது.

செவ்வாய், வெள்ளி காலைகளில் வறுக்கிறார். பத்து மணிக்குள் போனால் அன்றைய கொட்டை கிடைக்கும். மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை அடைப்பு. கால் கிலோவுக்குக் குறைந்து அரைத்துத் தருவதில்லை. பித்தளைப் பில்டர் வைத்திருப்பவர்கள் சற்றுக் கொரகொரப்பாக வேண்டும் என்பதை, கொட்டை இயந்திரத்தில் விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.