பன்னிரண்டு வருடமாக 'கோ-டூ': கீழே பாயட்டும், மேலே வேண்டாம்

கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலையின் பற்றுச்சீட்டு மென்பொருளை 2013இலிருந்து நான்தான் பார்த்து வருகிறேன். யாரோ விசுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல் மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போனது. திறந்த இடமெல்லாம் 'கோ-டூ' கட்டளை. இந்த வரியை விட்டு அந்த லேபிளுக்கு, அதாவது நிரலில் பெயர் வைத்த இன்னோர் இடத்துக்கு, போ என்பதுதான் அதன் வேலை. எதை முடித்தோம், எதை விட்டோம் என்று அது பார்க்காது.

ஒரு மாசி மாதம், காலபோக நெல் குவியும் நேரம், பரந்தன் பக்கத்து ஐயா ஒருவர் சீட்டோடு திரும்பி வந்தார். "தம்பி, ஈரத்துக்கு ரெண்டு தரம் வெட்டியிருக்கிறியள்." அவர் சொன்னது சரிதான். ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டினால் எடையில் கழிவு உண்டு. கழிவு கூட்டியபின் மூட்டை எண்ணிக்கை கேட்கும் இடத்தில், பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து அடிபட்டிருக்கிறது. பிழை காட்டிய நிரல் மேலே ஒரு லேபிளுக்குத் தாவியது. கழிவைப் பூச்சியமாக்கும் வரி அந்த லேபிளுக்கும் மேலே இருந்தது. அதனால் அதே கழிவு இன்னொரு தரம் கூடிவிட்டது. நிரலைத் தாளில் அச்சடித்து, பேனையால் அம்புக்குறி போட்டுக் கண்டுபிடிக்க இரண்டு இரவு பிடித்தது. பழைய சீட்டுகளையும் புரட்டி, வெட்டுப்பட்ட எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.

'கோ-டூ' தீங்கானது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதிய கடிதம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நிரலின் ஒரு வரியில் விரலை வைத்தால், அதுவரை என்ன நடந்தது என்று சொல்ல முடியவேண்டும். கண்டபடி தாவினால் அது முடியாது.

ஆனாலும் 'கோ-டூ'வை நான் முழுதாக ஒதுக்கவில்லை. டிஜிட்டல் தராசிலிருந்து எடை வாங்கும் பகுதியைச் சீ மொழியில் எழுதினேன். தராசு இணையும் போர்ட் திறக்கவேண்டும், நினைவகம் எடுக்கவேண்டும், கோப்பு திறக்கவேண்டும். நடுவில் ஒன்று தவறினால் கீழே உரிய லேபிளுக்குப் பாய்ந்து, திறந்ததையெல்லாம் தலைகீழ் வரிசையில் மூடிவிட்டு வெளியேறும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலிலும் இதே பழக்கம்தான். இத்தனை வருடத்தில் அந்தப் பகுதி ஒருதரமும் என்னை அலைக்கழிக்கவில்லை.

'தவறினால் தாவு' என்ற நிபந்தனைக்குள் வரும் வரியைச் சுற்றி அடைப்புக்குறி மட்டும் கட்டாயம் போடுவேன். அது இல்லாவிட்டால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குள் அடங்கும். ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் 'கோ-டூ பெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு தரம் வந்து, டிஜிட்டல் கையொப்பச் சோதனையையே தாண்டிப் போனது 2014இல் வெளிச்சத்துக்கு வந்தது.

பழைய மென்பொருளில் மேல்நோக்கிய தாவல் இன்னும் ஆறு இடத்தில் இருக்கிறது. சிறுபோக நெல் வரமுன் அவற்றை லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டமாக, மாற்றிக்கொண்டிருக்கிறேன்.