திருப்பூர்காரருக்கு விற்க மறுத்த நர்சரி: ஊட்டியில் வாங்கிய ஜப்பானிய மேப்பிள்

குன்னூர் ரோட்டில் சரிவை வெட்டிப் படிப்படியாக நிழல் வலை கட்டியிருக்கும் அந்தச் சின்ன நர்சரிக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. பெட்டூனியா, சைக்ளமன் வாங்க வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள்தான் அதிகம். நான் வாங்கியது ஒட்டுக் கட்டிய ஜப்பானிய மேப்பிள். சிவப்பு இலை, இரண்டடி உயரம், விலை 1,400 ரூபாய். சில குளிர்காலங்களைத் தாண்டி இப்போது ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டு வாசலில் தளதளவென்று நிற்கிறது. செடிக்கு முழு மார்க் தருவேன், விற்றவருக்கும் தருவேன். அதோடு வந்த மண்ணுக்கு மட்டும் தர மாட்டேன்.

விலையைக் கேட்டதும் "இத்தனையா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. நர்சரிக்காரர் பேரம் பேசவில்லை. செடியைக் கையில் தூக்கி அடித்தண்டைக் காட்டினார். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் லேசான புடைப்பு. அதற்குக் கீழே பட்டை பச்சை கலந்த சாம்பல் நிறம், மேலே கருஞ்சிவப்பு. "கீழ இருக்கறது விதையில வந்த சாதா மேப்பிளுங்கம்மா. மேல இருக்கறதுதான் நீங்க காசு குடுக்கற செடி. புடைப்புக்குக் கீழ பச்சைத் துளிர் வந்துச்சுன்னா அன்னிக்கே கிள்ளிருங்க. விட்டா அதுதான் வளரும், சிவப்பு போயிரும்" என்றார். மேப்பிளில் பெயர் பெற்ற ரகங்கள் எதுவும் விதையில் தாயைப் போல அப்படியே வராது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ரகம் மாறாமல் வேண்டுமென்றால் ஒட்டுத்தான் கட்ட வேண்டும், அதற்குக் கைப்பழக்கமும் சில வருடக் காத்திருப்பும் வேண்டும். அந்த 1,400 ரூபாய் அதற்குத்தான் என்று புரிந்தது.

ஆன்லைனில் 'நீல மேப்பிள் விதை' என்று பளபளக்கும் படம் போட்டு விற்கிறார்களே, அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். நீல இலை மேப்பிள் என்று உலகத்தில் எதுவுமே இல்லை, படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகள் அப்படி ஒரு பாக்கெட் வாங்கி, முளைக்காத தொட்டிக்கு வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உண்மையான மேப்பிள் விதையே ஈர மணலில் மூன்று நான்கு மாதம் ஃபிரிட்ஜ் குளிரில் கிடந்த பிறகுதான் முளைக்கும். குழந்தைகளின் ஆசையில் காசு பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

இந்த நர்சரிமேல் எனக்கு மரியாதை வந்தது பில் போடும்போது. காரில் வந்த குடும்பம் ஒன்று அதே சிவப்பு மேப்பிளைக் கேட்டது.

"வாசல்ல வைக்கணுங்கண்ணா, பெருசா ஒண்ணு குடுங்க."

"எந்த ஊருங்க?"

"திருப்பூரு."

"அங்க வேண்டாங்க. மே மாசத்துல இலையெல்லாம் கருகிரும். தண்ணி ஊத்திக் காப்பாத்துனாலும் குளிர் இல்லாம மரம் உறங்காது. உறங்காத மரம் கொஞ்ச வருசத்துல ஓஞ்சிரும். சிவப்புதான் வேணும்னா அக்கலிஃபா வைங்க, உங்க ஊரு வெயிலுக்கு நல்லா வரும்."

அக்கலிஃபா தன்னிடம் இல்லை, உங்கள் ஊர் நர்சரியிலேயே கிடைக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். கையில் பணத்தோடு நின்றவரை அப்படித் திருப்பி அனுப்ப எத்தனை பேருக்கு மனசு வரும்?

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜப்பானின், கொரியாவின் மலைக்காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த இனம் இது. இலை உதிர்த்து, குளிரில் ஓய்வெடுத்தால்தான் அடுத்த தளிர் ஒழுங்காக வரும். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, ஜனவரியில் காந்தல் புல்லெல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடக்கும். அந்த உறைபனி இலையில்லாத மேப்பிளை ஒன்றும் செய்யாது, அதன் சொந்த ஊரில் இதைவிடக் கொடிய குளிரெல்லாம் உண்டு. பயப்பட வேண்டியது இளந்தளிர் விட்டபிறகு விழும் பனிக்குத்தான். பிப்ரவரியில் தளிர் எட்டிப் பார்த்தால் இரவில் ஒரு பழைய சேலையை மேலே போர்த்திவிடுவேன்.

பனியைவிட அதிகம் படுத்துவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான வறண்ட காற்றும் மலை வெயிலும்தான். மதிய வெயில் பட்டால் இலையின் விளிம்பு காகிதம் போல் காய்ந்து சுருளும். முழு நிழலில் வைத்தாலோ சிவப்பு மங்கிப் பச்சை தட்டும். கிழக்குச் சுவர் ஓரம், காலை பதினொரு மணி வரை வெயில், அப்புறம் நிழல் என்று வைத்ததில் எங்கள் செடி நிறம் குறையாமல் இருக்கிறது.

ஜப்பானின் கியோட்டோ நகரப் படங்களில் பார்க்கும் அந்த இலையுதிர் கால நெருப்பு நிறத்தை எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கியோட்டோ வடக்கு அட்சரேகை 35 பாகையில் இருக்கிறது, அங்கே இலையுதிர் காலத்தில் பகல் மளமளவென்று குறையும். நாம் பதினொன்றரைப் பாகைக்குள் இருக்கிறோம். நமக்குப் பகல் குறைவது தெரியவே தெரியாது, போதாததற்கு நவம்பரில் மழையும் மேகமும். அதனால் இங்கே மரம் ஒரே நேரத்தில் பற்றி எரிவதில்லை. ஒரு கிளை சிவக்கும்போது இன்னொன்று பச்சையாக நிற்கும், டிசம்பர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. அதைவிட, வசந்தத்தில் சின்னக் குழந்தையின் கைவிரல் போல மடங்கி வரும் புதுத் தளிருக்காகவே இந்த மரத்தை வளர்க்கலாம்.

இனி குறை. பையில் இருந்தது களிச் செம்மண்ணும் தொழு உரமும் சேர்ந்த இறுகிய கலவை. தண்ணீர் ஊற்றினால் மேலேயே குளம் கட்டி நின்றது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊரில் அந்த மண்ணோடு விட்டிருந்தால் வேர் அழுகியிருக்கும். இலையில்லாத நேரத்தில், ஜனவரி கடைசியில், 14 அங்குல மண்தொட்டிக்கு மாற்றினேன். பருமணல், உடைத்த செங்கல் சில்லு, எங்கள் வீட்டிலேயே மக்கிய இலை, மூன்றும் சம அளவு. விறகுச் சாம்பலைக் காய்கறிக்குப் போடுகிற பழக்கத்தில் இதற்கும் போட்டுவிடாதீர்கள். மேப்பிளுக்கு லேசான புளிப்பு மண்தான் வேண்டும், சாம்பலும் சுண்ணாம்பும் அதைக் கெடுக்கும்.

நம் ஊருக்கென்றே இன்னொன்றும் உண்டு. உருளைக்கிழங்கு போட்ட நிலத்து மண்ணைத் தொட்டியில் சேர்க்கவே கூடாது. வெர்டிசிலியம் என்ற பூஞ்சை உருளையையும் தாக்கும், மேப்பிளையும் தாக்கும், மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். நன்றாக இருக்கும் மரத்தில் திடீரென்று ஒரு பக்கக் கிளை மட்டும் வாடும், வெட்டிப் பார்த்தால் உள்ளே கருங்கோடு ஓடியிருக்கும். அதற்கு மருந்து கிடையாது. நர்சரிக்காரரிடம் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வீடு கட்டத் தோண்டிய அடிமண் என்றார். ஊட்டியைச் சுற்றி எங்கே வாங்கினாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவையும் அவர்கள் அவிழ்க்காமலே கொடுத்துவிட்டார்கள். தண்டு பருத்து நாடா பட்டையில் பதிந்திருந்தது, பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்தேன். ரகத்தின் பெயரும் சீட்டில் இல்லை, 'மேப்பிள் சிவப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டையும் நேரில் சொன்னேன், நாடா விஷயத்தைக் குறித்துக்கொண்டார்.

கவாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த நம் ஆட்களுக்குக் கத்தியை எடுத்தால் மட்டமாக வெட்டத்தான் கை போகும். மேப்பிளை அப்படி வெட்டாதீர்கள். இலை கொட்டியதும், டிசம்பர் கடைசியில், உரசும் குச்சிகளையும் காய்ந்ததையும் மட்டும் எடுத்தால் போதும். தளிர் விடும் சமயத்தில் வெட்டினால் சாறு வடிந்துகொண்டே இருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் ஜனவரியில் போங்கள். இலையில்லாமல் குச்சியாக நிற்கிறதே என்று தயங்க வேண்டாம், தண்டையும் ஒட்டையும் தெளிவாகப் பார்த்து எடுக்க அதுதான் நேரம். மேப்பிள்களைக் கடைசிப் படியில் வைத்திருப்பார், கேட்டால்தான் காட்டுவார். பார்சல் அனுப்புவதில்லை, சாக்குத் துணியில் சுற்றிக் கையில்தான் தருவார்.